முதலில் வாசலைப் பற்றி எழுதுங்கள்

"சாப்பாட்டுக்குச் சாதி கிடையாதுங்க" என்று ஒரு தோழர் கூட்டத்தில் பேசினார். முற்போக்கு எழுத்தாளர். நம் போராட்டங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை இணைப்பு ஒன்றில் சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றித் தொடர் எழுதி வருகிறார். காலையில் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறார். ஓர் ஊரில் இட்லி, அடுத்த ஊரில் பிரியாணி, வழியில் பித்தளைப் பாத்திரக் கடை, கைத்தறித் துண்டு, சாயங்காலம் ஒரு இனிப்பு, ராத்திரி வீடு. செல்போனைத் திறந்தாலும் இப்போது இதே சரக்குதான். யாராவது ஒருவர் நல்லி எலும்பை உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்.

அன்றைக்கு நான் எழுந்து பதில் சொல்லவில்லை. மைக் என் பக்கம் வரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அப்படி ஒரு நாள் முழுக்கக் குடும்பத்தோடு தின்பதற்கென்றே நான் கிளம்பிப் போனதில்லை. எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கோயில் திருவிழா. இவற்றுக்குத்தான் பயணம். போகும் வழியில் பசித்தால் சாப்பிடுவோம். சாப்பிடுவதற்காகப் போவது என்பது வேறு. அதையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். போன மாதம் போய்விட்டு வந்தோம். இப்போது எழுதுகிறேன்.

தம்பி பழைய ஆம்னி வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். வாரம் முழுக்க ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிறான், ஞாயிறு சும்மா நிற்கும். அம்மா, நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், ஓட்டுவதற்குத் தம்பி. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் சேரி. சோளிங்கர் வழியாக வாலாஜா, ஆற்காடு, வேலூர், ஆம்பூர் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். தோழரின் தொடரில் இந்தப் பாதையும் வந்திருக்கிறது.

விடியற்காலையில் அம்மா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். புளிச்சோறு, தண்ணி பாட்டில், பழைய பேப்பர், ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"சாப்பிடத்தானம்மா போறோம். சோறு எதுக்கு? டம்ளர் எதுக்கு?"

"இருக்கட்டுமே. இது இன்னா, சோறா கேக்குது?"

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுடைய அப்பா, எங்கள் தாத்தா, ஊர் டீக்கடைக்குப் போனால் முதலில் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்தாராம். பிறகு அலுமினிய டம்ளர் வந்தது. அது கடைக்காரனுடையது இல்லை, தாத்தாவுடையது. கடைக்கூரையின் இறவாணத்தில் செருகி வைத்திருப்பார். போனால் அவரே எடுக்க வேண்டும், தூக்கிப் பிடிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருக வேண்டும். இது நடந்தது அம்மாவின் சின்ன வயதில். அதாவது தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்த பிறகு. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவை நம் தோழர்கள் ஒரு தடவை எடுத்துப் படிக்க வேண்டும். கடைக்குள், ஓட்டலுக்குள் நுழைவதைத் தடுப்பது குற்றம் என்பதோடு நிற்கவில்லை. அங்கே எல்லாருக்கும் வைத்திருக்கும் பாத்திரத்தைப் புழங்கவிடாமல் தடுப்பதும் குற்றம் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு டம்ளர் தெரிந்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது தாத்தாவுக்குத் தெரியாது. டம்ளர் இறவாணத்திலேயே இருந்தது.

வாலாஜாவுக்குச் சற்று முன்னால் நல்ல ஓட்டல் ஒன்று. தோழர் பாராட்டி எழுதியது. வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாரும் இறங்கினோம். அம்மா இறங்கவில்லை.

"நீங்க போய்த் துன்ட்டு வாங்க. எனுக்கு ரெண்டு இட்லி இங்கியே குடுத்துடுங்க."

"யாரும்மா உன்னை இன்னா சொல்லப் போறாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கால் வலிக்குது."

கால் வலி இல்லை என்று எனக்குத் தெரியும். நான்கு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். சப்ளையர் சிரித்த முகத்தோடு வந்தார், இலை போட்டார், மூன்று வகைச் சட்னி ஊற்றினார். இட்லி உண்மையிலேயே பஞ்சு மாதிரி இருந்தது. தோழர் பொய் எழுதவில்லை. கல்லாவில் இருந்த பெரியவர் பையன் கன்னத்தைத் தட்டிவிட்டு, "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். பையன் ஊர்ப் பெயரைச் சொன்னான். "அந்த ஊரா? அங்க யாரு வூட்டுப் புள்ள நீ?"

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். ஏனென்றால் தோழருடைய தொடரின் உயிரே இந்தக் கேள்விதான். பெருநகரத்து ஓட்டலில் யாரும் யாரையும் கேட்பதில்லை, எல்லாரும் டோக்கன் நம்பர். சின்ன ஊர்க் கடையில் முதலாளியே வந்து எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார், அந்த வாஞ்சை சோற்றில் இறங்கிவிடுகிறது என்கிற பொருளில் வாராவாரம் எழுதுகிறார். அவருக்கு அது வாஞ்சை. அவர் பதில் சொன்னதும் "ஓ, அவரு பையனா நீங்க" என்று இன்னொரு வடை வரும். எங்களுக்கு அது விசாரணை. பெரியவர் கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது பழக்கம். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில், நாங்கள் ஊரா சேரியா என்பதைத்தான் சொல்லும். வீட்டுக்காரர் சட்டென்று, "அரக்கோணம் டவுன்லதாங்க இருக்கோம்" என்று சொல்லி முடித்துவிட்டார். பையன் அப்பா முகத்தைப் பார்த்தான். நாங்கள் டவுனில் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அம்பேத்கர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பு ஒன்று உண்டு. அதுவும் குடும்பப் பயணம்தான். கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க, 1901-இல் பிள்ளைகளாகச் சேர்ந்து சாத்தாராவிலிருந்து கிளம்புகிறார்கள். புதுச்சட்டை, தொப்பி, கூடை நிறையத் தின்பண்டம். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் வந்து விசாரிக்கிறார், யார் பிள்ளைகள் நீங்கள் என்று. நல்ல உடுப்பைப் பார்த்து மேல்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். மகார் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. பிறகு வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். ரெட்டை வாடகை கொடுத்து மாட்டுவண்டியைப் பிள்ளைகளே ஓட்டிப் போகிறார்கள். கூடையில் சாப்பாடு நிறைய இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை, அதனால் ராத்திரி முழுக்கப் பட்டினி. அப்போது அவருக்கு ஒன்பது வயது. என் பையனுக்கும் ஒன்பது என்பதால் எனக்கு இது ஞாபகம் வந்ததா, இட்லி தொண்டையில் நின்றதால் வந்ததா தெரியவில்லை.

'இது நூற்றிருபது வருஷத்துக்கு முந்தின கதை, இப்போது உங்கள் அம்மாவை யார் தடுத்தார்கள், அவராகத்தானே வண்டியில் உட்கார்ந்துகொண்டார்' என்று கேட்பார்கள். தாழ்வு மனப்பான்மை என்று ஒரு சொல் கைவசம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை எங்கள் தலையில் கட்டிவிட்டால் கடை வாசல் சுத்தமாகிவிடும்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் 1980. அப்பாவுக்கு ரயில்வேயில் கேங்மேன் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம். புதுப்பெண்டாட்டியை டவுனில் சினிமாவுக்குக் கூட்டிப்போய்விட்டு ஓட்டலில் உட்கார வைத்தார். அம்மா வாழ்க்கையில் முதல் மசால் தோசை. பாதி தின்றிருப்பாள். அடுத்த மேசையில் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன், நிலக்காரர் வீட்டுப் பையன், வந்து உட்கார்ந்தான். இவர்களைப் பார்த்தான். சப்ளையரைக் கூப்பிட்டு, "இன்னாபா, இப்பல்லாம் ஆர் வோணாலும் குந்திக்கிறாங்களா இங்க?" என்றான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, எழுந்திரு என்று சொல்லவில்லை. சப்ளையர் இவர்களைப் பார்த்தார். கல்லாக்காரர் பார்த்தார். சாம்பார் கேட்டால் வரவில்லை. அப்பா எழுந்து முழுத் தோசைக்கும் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அம்மா சொல்வாள், "அந்தத் தோச மேல தண்ணி ஊத்தி எடுத்துகினு போனான்டி அந்தப் பையன், நான் திரும்பிப் பாத்தேன்."

அந்த ஓட்டல்காரன் இவர்கள் யார் என்று தெரியாமல் தோசை போட்டான். தெரிந்த பிறகு நிறுத்தினான். டவுனுக்குப் போனால் சாதி தெரியாது என்பார்கள். பட்டணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். சின்ன டவுன் என்பது என்ன? சுற்றியுள்ள ஊர்களெல்லாம் சந்தைக்கும் சினிமாவுக்கும் ரேஷன் ஆபீசுக்கும் வந்து கூடுகிற இடம். நாம் வந்த அதே பஸ்ஸில் ஊரும் வந்து இறங்குகிறது. பக்கத்து மேசையில் ஊர் வந்து உட்காராத வரைக்கும்தான் நமக்கு அங்கே சமத்துவம்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஓட்டல் என்றால் ரயில்வே ஸ்டேஷன் கேண்டீன்தான். எங்களை அங்கேதான் கூட்டிப்போவார். பூரி, உருளைக்கிழங்கு, எண்ணெய் நாற்றம். ஏன்பா எப்பவும் இங்கேயே என்று கேட்டால், "இங்க எல்லாரும் வண்டிக்குப் போறவன். எவனும் எவனையும் கேக்கமாட்டான்" என்பார். அந்த ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளிலும் ஒரு காலத்தில் பிராமணாளுக்கு ஓர் இடம், 'இதராளுக்கு' ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் இடைவிடாமல் கிளர்ச்சி செய்து, 1941-இல் அந்தப் பிரிவினை போனது. பிறகு 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. 'பிராமணாள்' என்கிற ஒரு சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க நூற்றுக்கணக்கான பேர் ஜெயிலுக்குப் போனார்கள். இந்த வரலாற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அப்பா பூரி தின்ற மேசை அப்படிக் கிடைத்ததுதான்.

ஆனால் பலகையில் இருந்தது ஒரு சாதியின் பெயர். அது போன இடத்தில் இன்று எத்தனை சாதிப் பெயர்! நெடுஞ்சாலையில் போகும்போது பையன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான். ஐயர் மெஸ். ரெட்டியார் மெஸ். கவுண்டர் ஓட்டல். முதலியார் டிபன். தொடர் எழுதுகிறவர்கள் இதற்கு 'அசல் கைப்பக்குவம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாதிப் பெயர் ருசியின் பெயர் ஆகிவிட்டது. பையன் கேட்டான், "நம்ம பேர்ல மெஸ் எங்கம்மா இருக்கு?" அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் பார்த்த ரோடுகளில் எங்கள் சாதிப் பெயரைப் பலகையில் எழுதிய மெஸ் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்த மெஸ்களின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும், இலை எடுக்கிறவனும், விறகு பிளக்கிறவனும் யார் என்று போய்ப் பாருங்கள். சாதிக்கு ருசி உண்டென்றால் அந்தக் கைகளுக்கு மட்டும் பக்குவம் இல்லையா?

ஆற்காட்டில் மக்கன் பேடா. ஒரு இனிப்புக் கடையில் பையனிடம் காசைக் கொடுத்து வாங்கிவரச் சொன்னேன். கையை நீட்டினான். கடைக்காரர் பொட்டலத்தைக் கண்ணாடி மேல் வைத்தார், மீதிச் சில்லறையையும் கண்ணாடி மேல் வைத்தார். பையன் பொறுக்கிக்கொண்டு வந்தான். நான் அங்கேயே நின்று அடுத்து வந்த மூன்று பேரைப் பார்த்தேன். இரண்டு பேருக்குக் கையில் கொடுத்தார். ஒருவருக்குக் கண்ணாடி மேல் வைத்தார். ஆக அவர் அப்படித்தான், எல்லாருக்கும் கண்டபடி கொடுக்கிற ஆள் என்று முடிவு கட்டினேன். பேடா நன்றாக இருந்தது, உள்ளே முந்திரி, திராட்சை. ஆனால் ஒரு இனிப்பு வாங்கித் தின்ன நான் மூன்று பேரை எண்ண வேண்டியிருந்தது. தோழர் எந்தக் கடையிலாவது நின்று இப்படி எண்ணியிருப்பாரா?

மிகையாக எண்ணுகிறேன் என்பவர்களுக்கு 2022 செப்டம்பரை ஞாபகப்படுத்துகிறேன். தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். மிட்டாய் வாங்க வந்த நம் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்கக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சி செல்போன் செல்போனாகச் சுற்றியது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். என் பையனும் அதைப் பார்த்திருக்கிறான். அந்தப் பிள்ளைகளில் ஒன்று, கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்கும். அதைக் கேட்ட பிறகு நம் பிள்ளைக்குக் கையில் சில்லறை விழுகிறதா, கண்ணாடியில் விழுகிறதா என்று பார்க்காமல் எந்தத் தாய் நிற்பாள்?

மத்தியானம் ஆம்பூர்.

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? சீரகச் சம்பா அரிசி, விறகு அடுப்பு, மூடி மேல் நெருப்பு போட்டுத் தம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் கொத்சு, வெங்காயப் பச்சடி. தோழர் இரண்டு வாரம் எழுதினார். ஆட்டுக்கறி பிரியாணிக்கு ஒரு வாரம், கோழிக்கு ஒரு வாரம். மூன்றாவது வாரம் வரும் என்று பார்த்தேன். வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அரசாங்கமும் அப்படித்தான். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்துவதாக அறிவித்தது. இருபதுக்கு மேல் வகை இருக்கும் என்றார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்புக் கிளம்பியது. திருவிழா நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று இயக்கங்கள் அறிவித்தன. உடனே மழை வந்துவிட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். மாட்டுக்கறியை விலக்கியதைச் சாதிப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கேயும் முதலில் இல்லை. கேட்டதற்கு, யாரும் கடை போட விண்ணப்பிக்கவில்லை என்று மந்திரி சொன்னார். எதிர்ப்புக்குப் பிறகுதான் இடம் கொடுத்தார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் எதில் எழுந்து நிற்கிறது? தோலில். எந்த மாட்டின் கறி தீட்டோ அதே மாட்டின் தோல் ஷூவாகிக் கப்பல் ஏறுகிறது. அதற்கு அந்நியச் செலாவணி என்று மரியாதையான பெயர். தோல் பட்டறைச் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் யார்? என் தாய்மாமா ராணிப்பேட்டையில் பதினெட்டு வருஷம் நின்றார். கால் இரண்டும் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போயிருக்கும். வேலை விட்டு டீக்கடைக்குப் போனால் நாற்றம் அடிக்குது தள்ளி நில்லு என்பார்கள் என்று சொல்வார். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆற்றுக்கு என்ன ஆனது என்று பேசினார்கள், சரி. மாமாவின் காலுக்கு என்ன ஆனது என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை. தோலின் காசு இனிக்கிறது, கறியின் பெயரை மட்டும் திருவிழாப் பலகையில் எழுதக் கூசுகிறது.

பெரிய கடைகளின் முன்னால் நிறுத்தாமல் தம்பி வண்டியைச் சந்துக்குள் விட்டான். ஒரு பாய் கடை. பலகையில் 'பீப் பிரியாணி' என்று பச்சை எழுத்து. நான்கு பெஞ்சு, ஒரு தேக்சா, ஈ மொய்க்காமல் இருக்க மின்விசிறி. நான் திரும்பி, அம்மாவுக்குப் பார்சல் வாங்கவா என்று கேட்பதற்குள் அம்மா வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். புடவையை உதறிக்கொண்டு உள்ளே போய் நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் வலி எங்கே போனதோ. "ஏம்பா, கொஞ்சம் வறுவலும் வை. சோறு இன்னும் ஒரு கரண்டி போடு" என்று அதிகாரமாகக் கேட்டாள். கடைக்காரர் கொழுப்புத் துண்டாகப் பார்த்து வைத்தார். அம்மா அவரைப் பார்த்து, எலும்பு வேகும் பதம், கறியில் இஞ்சி தூக்கலா இல்லையா என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் வெளியிடத்தில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் போட்டி, ஈரல், உப்புக்கண்டம் என்று அவள் செய்யாத பக்குவம் இல்லை. இந்தக் கலையைப் பற்றி எழுத அவளிடம் தொடர் கேட்டால் ஐம்பது வாரம் வரும்.

பாய் கடை சொர்க்கம் என்று சொல்லிவிட்டு நான் போக மாட்டேன். மாமாவை அந்தக் குழியில் இறக்கிக் கூலியைப் பிடித்த முதலாளிகளில் எல்லா மதத்தவரும் உண்டு. ஆனால் அந்த பெஞ்சில் என் அம்மா டம்ளரை வெளியே எடுக்கவில்லை. கடை டம்ளரில் தண்ணி குடித்தாள்.

அப்போதும் ஒன்று நடந்தது. பையன் சத்தமாக, "அம்மா, பீப் சூப்பரா இருக்கு" என்றான். வீட்டுக்காரர் அனிச்சையாக, "மெதுவாப் பேசுடா" என்றார். பீப் பிரியாணிக் கடைக்குள்ளேயே! பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறக்கும்போது மட்டன் என்று சொல்லப் பழக்கியது நாங்கள்தான். 'பெரிய கறி' என்று மறைத்துச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் மேல்சாதிக்காரன், அதை நம் பிள்ளைக்கு வகுப்பெடுக்கிறவர்கள் நாம்.

எம்.ஏ. வகுப்பில் ஆற்றுப்படை படித்தேன். தோழரும் படித்திருப்பார். பாணர் கூட்டம் பெண்டு பிள்ளைகளோடு, யாழையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. போகிற ஊரிலெல்லாம் அங்கங்கே உள்ளவர்கள் தாங்கள் தின்பதையே கொடுக்கிறார்கள். தமிழின் முதல் சாப்பாட்டுப் பயணம் அது, போனவர்கள் பாணர்கள். புறநானூறு 335 சிறந்த குடி என்று எண்ணுகிற நான்கில் பாணனும் உண்டு, பறையனும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு வேலூரில் (நம்ம கோட்டை வேலூர் இல்லை, திண்டிவனம் பக்கம்) எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் சூடும் தருகிறார்கள். ஆமான் என்றால் காட்டுப்பசு. எங்கள் பேராசிரியர் 'ஒருவகை விலங்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். அகநானூறு 129-இல் மழவர் கொழுத்த பசுவைத் தின்பது வருகிறது. அந்தப் பாட்டைத் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிட்டார். நாங்கள் ஆதிதிராவிடர் நல விடுதிப் பெண்கள் நாலு பேர் கடைசி பெஞ்சில் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டோம். தமிழர் விருந்தோம்பல் பற்றி அவர் இரண்டு வாரம் பாடம் எடுத்தார். ஐந்து வருஷத்தில் எங்களில் ஒருத்தியையும் அவர் வீட்டு வாசலுக்குள் அழைத்ததில்லை.

சாயங்காலம் ரோட்டோரக் கடையில் அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம். கடைப்பையன் குனிந்து அவள் காலைப் பிடித்து மாட்டினான். அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவள்.

இருட்டிய பிறகு திரும்பி வந்தோம். எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு கூட்டு ரோடு, அங்கே ஒரு டீக்கடை. தம்பி கண்ணைக் கட்டுகிறது, டீ குடிக்கலாம் என்று நிறுத்தினான். கடைக்காரருக்கு எங்களைத் தெரியும். தெரியும் என்பதுதான் விஷயம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கையிலும் கண்ணாடி கிளாஸ். எங்களைப் பார்த்ததும், கேட்காமலே பேப்பர் கப்பில் ஐந்து டீ ஊற்றி வரிசையாக வைத்தார்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. பல கடைகளில் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்ததைப் பார்த்து, சுற்றுச்சூழல் தோழர்கள் சந்தோஷப்பட்டார்கள். இந்தக் கடையில் மட்டும் பேப்பர் கப் ஒரு நாளும் தீர்ந்ததில்லை. ரெட்டைக் கிளாஸ் என்றால் வழக்குப் போடலாம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்கப் போன அதிகாரிகள், அங்கே டீக்கடையில் ரெட்டைக் கிளாஸ் இருப்பதையும் கண்டு வழக்குப் போட்டார்கள். கிளாஸ் ஒன்று, பேப்பர் கப் ஒன்று என்றால் எந்தப் பிரிவில் போடுவது? சுத்தம், சுகாதாரம் என்பான்.

"அண்ணா, கிளாஸ்ல குடுங்க" என்றான் தம்பி.

"கிளாஸ் கழுவலப்பா. இதான் சுத்தம்."

கழுவிய கிளாஸ்கள் தட்டில் கவிழ்ந்து கிடந்தன. தண்ணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்தான். கடைக்காரரும் அவன் பார்ப்பதைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். 4-ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நான், மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவள், அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. மறைத்து எழுத மனசில்லை. மூன்று கிலோமீட்டரில் வீடு. அதில்தான் தம்பி தினமும் வண்டி ஓட்ட வேண்டும்.

அம்மா வண்டியிலிருந்து கையை நீட்டினாள். கையில் அந்த எவர்சில்வர் டம்ளர். "எனுக்கு இதுல ஊத்துப்பா."

ஊற்றினார். மேலேயிருந்துதான் ஊற்றினார். தம்பி தன் கப்பைத் தொடாமல் வண்டியில் ஏறிவிட்டான். பையன் கேட்டான், "ஆயா ஏன் நம்ம வூட்டு டம்ளர்ல குடிக்கிறாங்க?"

"சூடு ஆறாம இருக்கும்டா" என்றாள் அம்மா.

மறுநாள் நானும் தம்பியும் இயக்கத் தோழர்கள் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். பேப்பர் கப்பில் டீ கொடுத்தது குற்றமா என்று ரைட்டர் சிரித்தார். மனு ரசீது கையில் இருக்கிறது. தாலுகா ஆபீசுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. விடப் போவதில்லை.

தோழரே, வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடியும் ஆம்பூர் போகிறோம். அம்மாவே கேட்டாள். ஆம்னியில் ஓர் இடம் இருக்கிறது, பின் சீட்டில், கொஞ்சம் முட்டி இடிக்கும். மூன்றாவது வாரம் நீங்கள் எழுதாமல் விட்ட பிரியாணியை அந்தச் சந்தில் உட்கார்ந்து தின்போம், அம்மா பக்குவம் சொல்வாள், எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கூட்டு ரோட்டில் நிறுத்துவோம். நீங்கள் எங்களோடு இறங்கி, ஆறு பேருக்கும் கிளாஸில் டீ கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள். டம்ளரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறாள்.